பேணுந் தொழிலின் பெருமை: டி. வி. சுந்தரம் அய்யங்கார் வரலாறு

உலகிலே ஒரு பொருளைப் புதிதாக ஆக்குவோர் உளர். ஆக்கிய பொருளை அழியாது பேணுவோரும் உளர். ஆக்கியோர் பெயரை நாடு கல்லிலே பொறித்துப் போற்றுகின்றது. பேணியோர் பெயரையோ பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. ஆயினும், பேணுதல் என்னும் ஒன்று இல்லையேல் ஆக்கியதெல்லாம் சின்னாளிற் சிதைந்து மண்ணாகும் என்பது எவரும் அறிந்ததே. பேணுதலையே ஒரு பெருந்தொழிலாக வளர்த்துப் புகழெய்திய ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர்தாம் மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் என்னும் பெரியார்.

யாம் பிறந்து வளர்ந்தது தேனியைத் தலைவாயிலாகக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கு. எம் நாட்டார் நன்றி மறவாதவர். 1895-ஆம் ஆண்டு பெரியாற்று அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிக் கடலில் வீணாய்க் கலந்த நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக் துரையை இன்றும் தெய்வம்போல் எண்ணுவர். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்டு வழங்குவோரும் உண்டு. லோயர் கேம்ப்பிலே அவருக்கு மணிமண்டபமும் எழுந்துள்ளது. இவையெல்லாம் தக்கனவே. எனினும், நீர் வந்து பயிர் விளைந்த பின்னர், விளைந்ததை உரிய காலத்தே சந்தைக்குக் கொண்டுசெல்ல வழியும் வண்டியும் வேண்டுமன்றோ? நோயுற்றோர் மதுரைக்குச் செல்லவும், பிள்ளைகள் கல்விக்கூடம் சேரவும், ஓலைகள் உரியவர் கையை அடையவும் நம்பத்தக்க ஊர்தி வேண்டுமன்றோ? அதனை அளித்தோருள் முதன்மையானவரைப் பற்றி எம் பள்ளத்தாக்கில் இளையோர் பலர் அறியார். டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்தை அவர்கள் அறிவர். அவ்வெழுத்துக்களின் பின் நின்ற மனிதரை அறியார்.

இவ்வரலாற்றை எழுத எம்மைத் தூண்டியது பிறிதொன்றும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எம் தந்தையார் தேனியிலே கம்பம் சாலையோரம் ஒரு சிறு கொட்டகை வைத்திருக்கின்றார். ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் கம்பம் மெட்டுக்கும் போடி மெட்டுக்கும் ஏறி இறங்கும் ஜீப்புகளைக் கழுவுதல், மோட்டார்க் கார்களுக்கு மெருகிடுதல், இருக்கைகளுக்கு உறை தைத்தல், தோலிருக்கைகளுக்கு எண்ணெயிட்டுச் செப்பஞ் செய்தல் ஆகியவை அவர் தொழில். அவர் கைவிரல் இடுக்குகளிற் படிந்த கருமை எச்சவர்க்காரத்துக்கும் போகாது. யாம் இக்கல்லூரியிற் சேர்ந்த நாளில், விண்ணப்பத் தாளிலே தந்தையின் தொழில் யாது என்னும் வினாவுக்கு வியாபாரம் என்று எழுதினோம். அது முழுப் பொய்யன்று, மெய்யும் அன்று. அதனை எழுதும்போது தந்தையார் எம் அருகிலேயே நின்றார். அவர் படித்தார், ஒன்றுங் கூறவில்லை. அன்று முதல் எம் உள்ளத்தில் உறுத்திய முள்ளைக் களைந்தது இப்பெரியாரின் வரலாறே. நிற்க.

திருநெல்வேலிச் சீமையிலே மகேந்திரகிரி மலையின் அடிவாரத்தில் திருக்குறுங்குடி என்னும் பழம்பதி உள்ளது. அவ்வூரிலே 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் என்பதே டி. வி. சுந்தரம் எனச் சுருங்கியது. அவ்வூர்க் கோயிலோடு இணைந்த கதை ஒன்று உண்டு. பாணர் குலத்தைச் சேர்ந்த நம்பாடுவான் என்னும் அடியவர், இரவிலே நம்பியின் திருமுன் பாடச் செல்லும் வழியில் ஒரு பிரமராட்சசனிடம் அகப்பட்டார். பாடி முடித்தபின் திரும்பி வந்து உனக்கு உணவாவேன் என்று வாக்களித்துச் சென்ற அவர், சொன்னவண்ணமே திரும்பி வந்தார். அவ்வாய்மையின் பயனாக அரக்கனும் சாபம் நீங்கினான் என்பது கதை. கார்த்திகைத் திங்கள் ஏகாதசியன்று அவ்வூரில் இக்கதை ஆண்டுதோறும் ஓதப்படும். சொன்ன வேளையில் சொன்ன இடத்துக்குத் திரும்பி வருதலே அறம் என்பதை உணர்த்தும் கதை வழங்கிய ஊரிற் பிறந்தவர், பிற்காலத்தில் சொன்ன வேளைக்குச் சொன்ன இடம் சேரும் ஊர்திகளை நடத்திப் பேர்பெற்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்நாளில் ஆங்கிலக் கல்வி கற்ற பார்ப்பன இளைஞர் முன் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று வக்கீல் தொழில். மற்றொன்று சர்க்கார் உத்தியோகம். சுந்தரம் அய்யங்காரும் தந்தையாரின் விருப்பப்படி சட்டம் பயின்று வக்கீலாய்த் தொடங்கினார். அது அவர் உள்ளத்துக்கு இசையவில்லை. பின்னர் இரயில்வேயில் அலுவல் பார்த்தார். அதன்பின் ஒரு பாங்கியிலும் பணிபுரிந்தார். மாதந்தோறும் தவறாது வரும் சம்பளமும், ஊரார் கொடுக்கும் மதிப்பும், முதுமைக்கு வேண்டிய பாதுகாப்பும் அவ்வேலைகளில் இருந்தன. அவற்றையெல்லாம் உதறிவிட்டு, முப்பத்து நான்காம் வயதில், மனைவி மக்களோடு கூடிய குடும்பத்தைத் தாங்கிக்கொண்டு, 1911-ஆம் ஆண்டிலே சொந்தத் தொழிலில் இறங்கினார். மதுரையைக் களமாகக் கொண்டு அவர் மேற்கொண்டது மோட்டார் பஸ் நடத்தும் தொழில். எண்ணெயும் புகையும் புழுதியும் நிறைந்த தொழிலை உயர்குலத்தார் என்று தம்மைக் கருதியோர் அணுகவும் அஞ்சிய காலம் அது. அவர் சுற்றத்தார் சிலரேனும் அதனைப் பித்தென்றே எண்ணியிருப்பர்.

அக்காலத்து நிலையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜெர்மனியிலே கார்ல் பென்சு என்பார் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஹென்றி போர்டு எளியோரும் வாங்கத்தக்க வண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தது 1908-இல். ஆதலின், சுந்தரம் அய்யங்கார் தொழில் தொடங்கிய காலத்தில் மோட்டார் என்பது உலகுக்கே இளங்குழந்தை. வண்டியின் அடிச்சட்டமும் எஞ்சினும் கப்பலேறி வரும். அதன்மேல் மரத்தாற் கூடு கட்டுதல் நம் தச்சர் வேலை. ஓர் உறுப்பு முறிந்தால் மாற்றுறுப்புக் கடல் கடந்து வரும்வரை வண்டி கொட்டிலிலே முடங்கும். பாதைகளோ மாட்டு வண்டிக்கென அமைந்தவை. கோடையிற் புழுதி, மாரியிற் சேறு. எஞ்சினைப் பழுதுபார்க்க அறிந்த கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்நிலையில் பஸ் வாங்குதல் எளிது; அதனை நாள்தோறும் ஓடச்செய்தலே அரிது. வாங்கியோர் பலர் ஒருசில ஆண்டுகளிற் கைவிட்டனர். சுந்தரம் அய்யங்கார் கைவிடவில்லை. ஏன்? ஏனையோர் ஊர்தியை வாங்கி ஓட்டும் பொருளாகக் கண்டனர். அவர் அதனை நாளும் பேணவேண்டிய உயிர்போலக் கண்டார். அவ்வொரு வேறுபாடே அவர் வெற்றிக்கு வித்து என்பது எம் துணிபு.

டி. வி. எஸ். பஸ் வருவதைக் கண்டு மதுரைச் சீமையார் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்று முதியோர் இன்றும் கூறுவர். இது கேட்பதற்கு ஓட்டுநரின் திறமைபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. காலையில் ஆறு மணிக்குப் புறப்படவேண்டிய வண்டி ஆறு மணிக்கே புறப்படவேண்டுமாயின், முன்னாள் இரவிலேயே ஒருவன் அதன் கீழே படுத்து ஆணிகளை முடுக்கியிருக்கவேண்டும்; ஒருவன் சேற்றைக் கழுவியிருக்கவேண்டும்; ஒருவன் எண்ணெயின் அளவையும் தடையின் பிடிப்பையும் சோதித்திருக்கவேண்டும். ஆகவே பகலில் விளங்கிய ஒழுங்கு இரவில் உழைத்தோர் ஈட்டிய ஒழுங்கு. பழுது நேர்ந்தபின் திருத்துதல் ஒரு முறை. நேராமற் காத்தல் மற்றொரு முறை. இரண்டாவதையே அவர் தம் நிலையத்தின் நெறியாக்கினார்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. மாடுகளின் இலாடங்களிலிருந்து கழன்ற ஆணிகள் பாதையெங்கும் சிதறிக்கிடந்து பஸ்ஸின் சக்கரங்களைத் துளைத்துவந்தன. வேறொருவராயின் வண்டிக்காரரை வைதிருப்பர். அல்லது சர்க்காருக்கு மனுப் போட்டிருப்பர். அவரோ காந்தம் பூட்டிய வண்டி ஒன்றைப் பாதையிற் செலுத்தி ஆணிகளை வாரச் செய்தார் என்பர். தம் பஸ்ஸுக்காகச் செய்த அப்பணியால் அப்பாதையிற் செருப்பின்றி நடந்த ஏழைகளின் கால்களும் பிழைத்தன. தன் பொருளை நன்கு பேணுகின்றவன் தான் அறியாமலே பிறர்க்கும் நன்மை செய்கின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பேணுதல் அறிவற்றோர் செய்யும் வேலை என்று எண்ணுவோர்க்காக ஈண்டுச் சில கூறுதல் பொருந்தும். எம் தந்தையாரின் கொட்டகையில் யாம் கண்டறிந்தவை இவை. வண்டியின் மேற் படிந்த புழுதியை உலர்ந்த துணியால் துடைத்தல் ஆகாது. புழுதியென்பது பொடிமணல், அது வண்ணப் பூச்சிலே நுண்ணிய கீறல்களை உண்டாக்கி ஒளியைக் கெடுக்கும். ஆதலின் முதலில் நீரை ஒழுகவிட்டு மணலை நீக்கிய பின்னரே துணி படவேண்டும். கழுவிய வண்டியை வெயிலில் உலரவிட்டால் நீர்த்துளி காய்ந்து வெண்புள்ளி படியும். மெருகுக்கு இடும் மெழுகுகளிற் சிறந்தது ஒன்று பிரேசில் நாட்டிலே கர்னோபா என்னும் பனையின் ஓலைமேற் படிவது. கோடையின் வறட்சியில் தன் ஈரம் போகாதிருக்க அம்மரம் தனக்குத்தானே பூசிக்கொள்ளும் மெழுகையே மனிதன் தன் வண்டிக்குப் பூசி மழையினின்றும் வெயிலினின்றும் காக்கின்றான்.

தோலின் தன்மையோ இன்னும் நுட்பமானது. பதனிட்ட தோலின் இழைகளுக்கிடையே நெய்ப்பு இருக்கும்வரை அது வளையும். நெய்ப்பு வற்றினால் வெடிக்கும். எம் பள்ளத்தாக்கின் பங்குனி வெயிலில் மூடிய வண்டிக்குள் இருக்கும் தோலிருக்கை அடுப்பருகே வைத்த அப்பளம்போல் வறளும். மனிதரின் வியர்வையிலுள்ள உப்பும் அதனை அரிக்கும். ஈரத்துணியால் உப்பை நீக்கி, நிழலில் உலர்த்தி, நெய்ப்பைச் சிறிது சிறிதாக ஊட்டவேண்டும். மிகுதியாய் ஊட்டினாலும் தோல் தளர்ந்து கெடும். எம் முன்னோர் கவலைச் சாலுக்கும் மாட்டு வண்டியின் வார்களுக்கும் ஆமணக்கெண்ணெய் பூசியது இவ்வறிவினாலேயே. திண்டுக்கல்லிலும் வேறிடங்களிலும் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட நம் நாட்டுத் தொழிலாளர் இதனை எந்நூலிலும் கற்கவில்லை, கையாற் கற்றனர். கையறிவும் அறிவே என்பதைப் படித்தவருள் முதலில் உணர்ந்து மதித்தோருள் சுந்தரம் அய்யங்கார் ஒருவர். வக்கீலின் கருப்புச் சட்டையைக் களைந்து எண்ணெய் படிந்த தொழிற்சாலைக்குள் அவர் புகுந்தது அம்மதிப்பினாலன்றோ?

பஸ் நடத்துதலிலிருந்து அவர் தொழில் கிளைத்துப் பெருகிற்று. தம் வண்டிகளுக்கு வேண்டிய உறுப்புக்களைத் தேடியவர் பிறர்க்கும் அவற்றை விற்கலானார். தம் வண்டிகளைப் பழுதுபார்க்க அமைத்த தொழிற்சாலையிற் பிறர் வண்டிகளையும் பேணினார். டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் என்னும் கம்பெனி வேரூன்றியது. பஸ்களும் லாரிகளும் ஓட்டச் சதர்ன் ரோடுவேஸ், உறுப்புக்கள் விற்க மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், மோட்டார் விற்கவும் பேணவும் சுந்தரம் மோட்டார்ஸ் என நிலையங்கள் தோன்றின. அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளை இந்நாட்டில் விற்ற பெரும் நிலையங்களுள் சுந்தரம் மோட்டார்ஸும் ஒன்றாயிற்று. இவற்றையெல்லாம் நோக்குங்கால், வண்டியைச் செய்யாமலே வண்டித் தொழிலில் ஒருவர் தலைமை பெறலாம் என்பது விளங்கும். விற்பது ஒருநாட் செயல். விற்றபின் பல்லாண்டு பேணுவதே வாங்கினவனுக்கும் விற்றவனுக்கும் இடையே நிற்கும் நம்பிக்கை.

இனி எம் பள்ளத்தாக்குக்கு வருவோம். மதுரையிலிருந்து மேற்கே உசிலம்பட்டி கடந்து, ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் தேனி. அங்கிருந்து தெற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என ஊர்கள் தொடர, இறுதியில் மலை எழுந்து குமுளிக்கு வழிவிடும். 1928-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்ட காலத்தில் அப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே மீண்டும் இடப்பட்டன. இடைப்பட்ட காலத்திலே பள்ளத்தாக்கு மக்களுக்குச் சாலையொன்றே துணை.

எம் பாட்டனாரின் தந்தையார் சின்னமனூரிலே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். வெற்றிலையோ பொறுத்திருக்கும் பொருளன்று. விடியுமுன் கிள்ளிக் கட்டி ஈரத்துணி போர்த்தி வைத்த வெற்றிலை, உச்சி வேளைக்குள் சந்தை சேர்ந்தால் பணம். மாலையிற் சேர்ந்தால் பாதிப் பணம். மறுநாட் சேர்ந்தால் குப்பை. பஸ்ஸின் மேற்கூரையில் கூடைகளை ஏற்றிவிட்டு அவர் கவலையின்றி வீடு திரும்புவாராம். பஸ் வரும் வேளையை அறிய அவர்க்குக் கடிகாரம் இருந்ததில்லை, பஸ்ஸே கடிகாரமாயிற்று. அவ்வொழுங்கின்மேல் நம்பி அவர் மகளுக்கு மணநாள் குறித்தார். மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். ஒரு பஸ் வேளைக்கு வருதலிலே ஒரு குடும்பத்தின் ஆண்டு வரவு அடங்கியிருந்தது என்பதை யாம் பாட்டனார் வாய்மொழியாற் கேட்டறிந்தோம்.

அவ்வொழுங்குக்குப் போர்க்காலத்திலே பெருஞ்சோதனை வந்தது. பெட்ரோல் போர்த்துறைக்கே முதலில் வேண்டப்பட்டதால் ஏனையோர்க்கு அளந்து கொடுக்கப்பட்டது. பஸ்கள் பல நின்றன. சுந்தரம் அய்யங்கார் ஓய்ந்திருக்கவில்லை. மரக்கரியைக்கொண்டு எஞ்சினை ஓட்டும் கருவியைத் தம் தொழிற்சாலையிலே அமைத்தார். டி. வி. எஸ். காஸ் பிளாண்டு என்று அது பெயர்பெற்றது. அது தொழிற்படும் முறை எளிதே. வண்டியோடு பொருத்திய இரும்பு உலையிலே கரியை நிரப்பித் தீ மூட்டி, காற்றைக் குறைவாக உள்ளே விட்டால், கரி முற்றும் எரியாது கார்பன் மோனாக்சைடு என்னும் எரியத்தக்க வாயு பிறக்கும். அதனைக் குளிர்வித்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் செலுத்துவர். பெட்ரோலினும் அதன் ஆற்றல் குறைவு. புறப்படுமுன் உலையை ஊதிக் காத்திருக்கவேண்டும். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். வடிகட்டியை நாள்தோறும் துப்புரவு செய்யாவிடில் கரித்தூள் எஞ்சினைத் தின்றுவிடும். வாயு கசிந்தாலோ அது மனிதரைக் கொல்லும் நஞ்சு. ஆகவே, கருவியைச் செய்தல் பாதி. அதனை நாளும் பேணுதல் மறுபாதி. பேணுதலில் முப்பது ஆண்டு பழகிய கைகள் இருந்தமையாலேயே அக்கருவி அவரிடம் பயன் தந்தது.

1942-இல் ஜப்பானியர் மலேயாவைக் கைப்பற்றியபின் இரப்பருக்கும் தட்டு வந்தது. புதிய டயர் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. தேய்ந்த டயரை எறிந்துவிடாது, அதன் மேற்புறத்தை அராவி, புதிய இரப்பர்ப் பட்டையை ஒட்டி, வெப்பத்தால் இறுகச் செய்து மீண்டும் ஓடவைக்கும் தொழிற்சாலையையும் அவர் அமைத்தார். உடல் உறுதியாயிருக்கத் தோல் மட்டும் தேய்ந்த டயரை ஏன் எறியவேண்டும் என்பதே அத்தொழிலின் கருத்து. இன்றும் எம் மலைப்பாதைகளில் ஓடும் வண்டிகளிற் பல இவ்வாறு புதுத்தோல் பெற்ற சக்கரங்களிலேயே ஓடுகின்றன.

பொருள்களைப் பேணியவர் மனிதரைப் பேணினாரோ என்று கேட்போர் உண்டு. தக்க கேள்வியே. அவர் மகளார் சௌந்தரம் அம்மையார் 1904-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இளமையிலே மணம் முடிக்கப்பெற்று, இளமையிலேயே கணவரை இழந்தார். அக்காலத்தில் அக்குலத்துக் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டது மூலையும் மொட்டைத் தலையுமே. சுந்தரம் அய்யங்காரும் அவர் துணைவியாரும் அவ்வழக்கத்துக்கு மகளைப் பலியிடவில்லை. மேலும் படிக்கச்செய்து, டில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினர். 1936-இல் அவர் மருத்துவர் ஆனார். பின்னர் அம்மையார் காந்தியடிகளின் தொண்டரான ஜி. இராமச்சந்திரன் அவர்களை மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது பெற்றோர் முதலில் இசையவில்லை. குலமும் மொழியும் வேறான மறுமணத்தை ஏற்க அவர்கள் நெஞ்சு தயங்கியது. இதனை யாம் மறைக்க விரும்பவில்லை. 1940-இல் காந்தியடிகளின் முன்னிலையில் அம்மணம் நிகழ்ந்தது. அத்தம்பதியர் 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே தோற்றுவித்த காந்திகிராமம் பல்லாயிரம் ஏழைகளுக்கு மருந்தும் கல்வியும் அளித்தது. சௌந்தரம் அம்மையார் 1962-இல் பாராளுமன்ற உறுப்பினராகி, மத்திய அரசில் கல்வித்துறைத் துணை அமைச்சராகவும் விளங்கி, 1984-இல் மறைந்தார். ஒரு காலத்தில் மகளை மூலையில் உட்கார விடாது நூலைக் கையிற் கொடுத்த தந்தையின் செயலே இவ்வளவுக்கும் முதல் வித்து.

சுந்தரம் அய்யங்கார் தம் புதல்வர்களுக்குத் தொழிலைப் பயிற்றி, தாம் உயிரோடு இருக்கும்போதே பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். வளர்த்ததை விடமாட்டாது இறுகப் பற்றியிருந்து கெடுப்போர் பலராயிருக்க, உரிய காலத்தில் விட்டுக்கொடுத்தலும் பேணுதலின் ஒரு பகுதியே என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் நாள் கோடைக்கானலில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். பெரியகுளத்துக்கு மேலே எழுந்து நிற்கும் அம்மலை எம் பள்ளத்தாக்கினின்றும் நன்கு தெரியும்.

அவர் மறைந்தபின் மக்களும் பேரரும் தொழிலை விரித்தனர். 1960 முதலாகச் சக்கரம், தடை, மின்கருவி, திருகாணி முதலிய வண்டி உறுப்புக்களைச் செய்யும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. பேணத் தொடங்கிய கைகள் இறுதியில் ஆக்கவும் கற்றன என்பதை ஈண்டு நோக்குக. பஸ்களோ 1972-ஆம் ஆண்டில் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் வசமாயின. இன்று தேனியிலிருந்து மதுரைக்குச் செல்வோர் ஏறுவது அரசுப் பேருந்து. போடி இரயில் பாதையும் 2010-இல் அகலப் பாதையாக்குதற்கு மூடப்பட்டு, 2022-இல் தேனி வரையும், 2023-இல் போடி வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. ஊர்திகள் மாறின, உடையவர் மாறினர். வேளைக்கு வரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை. அவ்வெதிர்பார்ப்பை எம் மக்கள் நெஞ்சில் ஊன்றியவர்களுள் அவர் முதல்வர்.

இவ்வரலாற்றிலிருந்து நம் போன்ற மாணவர் கொள்ளத்தக்கது யாது? பட்டம் பெற்றவுடன் நாற்காலியும் மேசையும் தேடி அலைகின்றோம். கையழுக்குப் படும் தொழிலைக் கல்லாதவர்க்கென ஒதுக்குகின்றோம். பழுதுற்ற பொருளைத் திருத்துவதினும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதே நாகரிகம் என்று கருதுகின்றோம். சட்டம் கற்ற ஒருவர் நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே இம்மூன்று மயக்கங்களையும் ஒருங்கே உதறினார். பொருள் எதுவாயினும் அது நம் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர் கணக்குக் கேட்கும்போது கெடாது காட்டவேண்டும் என்பது, உக்கிராணக்காரனின் கடமையாக யாம் சிறுபருவத்தில் கோயிற்பள்ளியிற் கேட்ட பாடம். அது வண்டிக்கும் பொருந்தும், தோலுக்கும் பொருந்தும், கல்விக்கும் பொருந்தும் என்பதை இப்போது உணர்கின்றோம். தமிழ் பயிலும் எமக்கு இதில் வியப்பில்லை. கறையான் அரித்த ஏடுகளைத் தேடி எடுத்துத் துடைத்துப் படித்துக் காத்தவர்கள் இலரேல் நம் சங்க நூல்கள் எங்கே? அவர்களும் பேணுந் தொழிலாளரே.

இவ்வாண்டின் தொடக்கத்தில் விடுதியிற் புதுப்பிக்க ஒரு விண்ணப்பத் தாள் தந்தனர். தந்தையின் தொழில் என்னும் வினா அதிலும் இருந்தது. வண்டி கழுவி மெருகிடுதல், தோலிருக்கை செப்பஞ் செய்தல் என்று முழுமையாக எழுதினோம். இடம் போதாமையால் ஓரத்திலும் எழுத நேர்ந்தது. விடுமுறையில் ஊர் சென்று அதனைத் தந்தையாரிடம் கூறினோம். அன்றுபோல் இன்றும் அவர் ஒன்றுங் கூறவில்லை. ஒரு பழைய காரின் தோலிருக்கையைச் சுட்டி, உப்பு நீக்கத் துணியை நனைக்குமாறு கையாற் காட்டினார். மாலைவரை அவரோடு இருந்து அவ்வேலையைச் செய்தோம். எம் விரல்களிற் படிந்த கருமை கல்லூரி திரும்பிய பின்னும் இரண்டு நாள் போகவில்லை. அதனைப் போக்க யாம் முயலவும் இல்லை.

பேணுந் தொழில் வாழ்க! அதனைப் பெருந்தொழிலாக்கிய பெரியார் புகழ் நிலவுக!